கதவில் ஒரு பெயர், கடனில் ஒரு பெயர்

கோலசிலாங்கூர் பாசிர் பெனம்பாங் பாலத்தில் விடியலுக்கு முன்பே லோரிகள் ஏறத் தொடங்கிவிடும். படகுத்துறையில் ஐஸ் போட்டு அடுக்கிய மீன், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களின் நெல், தோட்டங்களில் அறுத்த செம்பனைப் பழம் என்று இந்தக் கரையோர மண்ணின் விளைச்சல் பெரும்பாலும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில்தான் நகர்கிறது. ஆற்றுக்குத் தென்புறம் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் போனால் பழைய ஈயக் குட்டைகளிலிருந்து மணல் ஏற்றி வரும் லோரிகள் வேறு. ஒவ்வொரு லோரியின் கதவிலும் ஒரு நிறுவனத்தின் பெயரும் வண்டியின் எடைக் கணக்கும் எழுதியிருக்கும். பார்ப்பவர் அந்த நிறுவனத்துக்குத்தான் லோரி சொந்தம் என்று நினைப்பார். மாதத் தவணை கட்டுபவரும், டயர் தேய்ந்தால் மாற்றுபவரும், கியர்பாக்ஸ் உடைந்தால் கடன் வாங்கிச் செய்பவரும் பல நேரங்களில் ஸ்டியரிங் பிடித்திருக்கும் ஆள்தான். லோரி அவருடையது. பெயர் வேறொருவருடையது.

இதைத்தான் நம் லோரிக்காரர்கள் 'பெர்மிட் பாஜாக்' என்கிறார்கள். உரிமம் உள்ள நிறுவனத்தின் பெயரில் தன் லோரியை ஓட்டி, அதற்கு மாதம் ஒரு தொகையோ, வாடகையில் ஒரு பங்கோ கொடுப்பது. தன் லோரியோடு ஒரு நிறுவனத்தின் கீழ் ஓடலாமா, சொந்த உரிமம் எடுக்கலாமா என்ற கேள்வி லோரி வாங்கும் ஒவ்வொருவர் முன்னும் வந்து நிற்கும். இதுவரை அது வரவு செலவுக் கேள்வியாகவே இருந்தது. 2025 மே மாதத்துக்குப் பிறகு அது சட்டக் கேள்வியாகவும், உயிர்க் கேள்வியாகவும் மாறிவிட்டது.

2025 மே 13 காலை, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி திருவிழாவுக்குக் காவல் நின்றுவிட்டு ஈப்போ திரும்பிக்கொண்டிருந்தார்கள் கலகத் தடுப்புப் போலீசார். கல் ஏற்றி வந்த லோரி அவர்களுடைய வண்டி மீது மோதியது. ஒன்பது பேர் இறந்தார்கள். நம் கோயில் தேருக்குக் காவல் நின்றவர்கள் அவர்கள். அந்தத் துக்கத்தில் நமக்குத் தனிப் பங்கு உண்டு. அதன் பிறகு போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் வெளியிட்ட தகவல்களில் ஒன்று, அந்த லோரி நிறுவனம் தன் உரிமத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது என்பது. லோரியில் ஜி.பி.எஸ். கருவியும் இல்லை. உரிமத்தைப் பாஜாக் விடுவதைக் குற்றமாக்கும்படி 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்துவோம் என்று அமைச்சர் அறிவித்தார்.

பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஐந்தாம் எண் சாலையில் வடக்கே சபாக் பெர்ணாம் தாண்டிப் போனால் தெலுக் இந்தான். இங்கே ஓடும் லோரிகள் அங்கேயும் ஓடுகின்றன. அறிவிப்பு வந்த நாளிலிருந்து, பெயர் இல்லாமல் சொந்த லோரி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் ஒரு பாரம் இருக்கத்தான் செய்யும்.

ஏன் போகிறார்கள்?

பாஜாக் எடுப்பவரைக் குறுக்கு வழிக்காரர் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது அநியாயம். இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் கதையைத் தெரிந்தால்தான் இது புரியும்.

மலேசியாவில் வணிக முறையில் செம்பனை நடப்பட்ட முதல் தோட்டம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் எஸ்டேட். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி போகோனியே 1917-இல் அங்கே நட்டார். அன்று தொட்டு பழத்தைக் காட்டிலிருந்து ஆலைக்குக் கொண்டுபோகும் வேலையில் நம்மவர்கள் இருக்கிறார்கள். தோட்ட நிர்வாகமே லோரியும் டிராக்டரும் வைத்திருந்த காலத்தில் ஓட்டுநர் மாதச் சம்பளக்காரர். பிறகு நிர்வாகங்கள் போக்குவரத்தைக் குத்தகைக்காரர்களிடம் ஒப்படைத்தன. தோட்டங்கள் கைமாறின, சில வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் ஆயின. லோரி ஓட்டத் தெரிந்தவருக்கு இரண்டே வழிதான் இருந்தது: இன்னொருவர் லோரியில் கூலிக்கு ஓட்டுவது, அல்லது பழைய லோரி ஒன்றை வாங்கித் தானே ஓட்டுவது. தோட்டத்துப் பிள்ளை ஒருவர் நிலமில்லாமல், கடையில்லாமல் முதலாளியாக முடிகிற மிகச் சில தொழில்களில் லோரித் தொழிலும் ஒன்று. அந்த ஆசையை நான் மிகவும் மதிக்கிறேன்.

லோரி வாங்கக் கடன் கிடைத்துவிடும். உரிமம் அவ்வளவு சுலபமில்லை. பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்ற 'ஏ' வகை உரிமம் வேண்டும். தன் சொந்தச் சரக்கை மட்டும் ஏற்ற 'சி' வகை போதும். இந்த உரிமங்களை முன்பு வாணிப வாகன உரிம வாரியம் கொடுத்தது. பிறகு தரைப் பொதுப் போக்குவரத்து ஆணையமான ஸ்பாட் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் போக்குவரத்து அமைச்சின் கீழ் இருக்கும் தரைப் பொதுப் போக்குவரத்து முகமையான அபாட் கொடுக்கிறது. அலுவலகத்தின் பெயர் மாறினாலும், ஒற்றை லோரிக்காரருக்கு நிறுவனப் பதிவு, மூலதனக் கணக்கு, பாதுகாப்பு நடைமுறை ஆவணம் என்று வரிசையாக வரும் படிவங்கள் மலையாகத்தான் தெரிகின்றன.

அடுத்தது வேலை. செம்பனைப் பழத்தை அறுத்த 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தாமதித்தால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். ஆகவே ஒரு லோரி படுத்தால் மறு லோரி அனுப்பக்கூடிய நிறுவனத்துக்குத்தான் பெரிய தோட்டங்கள் குத்தகை தரும். நெல் அறுவடையும் அப்படித்தான். வடமேற்கு சிலாங்கூரின் ஏறக்குறைய 19,000 ஹெக்டர் வயலில் ஆண்டுக்கு இரு போகம் விளைகிறது. அறுவடை வாரங்களில் எல்லாரும் லோரி தேடுவார்கள், மற்ற மாதங்களில் ஒருவரும் தேட மாட்டார்கள். ஒற்றை லோரியை வைத்துக்கொண்டு தனியாக வேலை பிடிப்பது என்றால் பாதி மாதம் காலி வண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் தவுக்கே, அதாவது உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் முதலாளி, வருகிறார். "லோரி உன்னுடையது தம்பி, பெயர் மட்டும்தான் என்னுடையது" என்பது போலத்தான் பேச்சு தொடங்கும். வேலை அவர் பிடித்துத் தருவார். ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வாகனப் பரிசோதனை எல்லாம் அவருடைய ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். டயர் கடனுக்குக் கிடைக்கும். வழியில் வண்டி நின்றால் அவருடைய வேறொரு லோரி வந்து சரக்கை மாற்றிக்கொள்ளும். இவை உண்மையான வசதிகள். நேர்மையாக நடக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, அவற்றின் கீழ் ஓடிப் பிள்ளைகளைப் பட்டம் வரை படிக்க வைத்த குடும்பங்களும் இருக்கின்றன. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

டீசலில் மறைந்திருக்கும் கணக்கு

பங்கு பத்து விழுக்காடா, பன்னிரண்டா என்றுதான் பெரும்பாலோர் பேரம் பேசுகிறார்கள். பெரிய பணம் வேறொரு இடத்தில் இருக்கிறது.

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசலின் பம்ப் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஏறியது. தகுதியுள்ள சரக்கு வாகனங்களுக்குப் பழைய விலையிலேயே டீசல் கிடைக்க அரசு 'பிளீட் கார்டு' கொடுத்தது. அந்தக் கார்டு வாகனம் யார் பெயரில் பதிந்திருக்கிறதோ அந்த நிறுவனத்தின் கைக்குத்தான் போகும். ஓட்டுபவர் கைக்கு நேராக வராது.

கணக்குக்காக ஒரு சரக்கு லோரியை எடுத்துக்கொள்வோம். எண்கள் என்னுடையவை, உங்கள் லோரிக்கு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஈஜோக் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு நாளைக்கு இரண்டு நடை, நடைக்கு 400 ரிங்கிட், மாதம் 24 நாள். வரவு 19,200 ரிங்கிட். பத்து விழுக்காட்டுப் பங்கு 1,920. நாளுக்கு 70 லிட்டர் வீதம் மாதம் 1,680 லிட்டர் டீசல், கார்டு விலையில் 3,612. தவணை 5,000. டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸுக்கு ஒதுக்குவது 3,000. டோல் 600. லோரி உதவியாளரான கெலிண்டானுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. கையில் நிற்பது 3,368 ரிங்கிட்.

அதே லோரிக்குக் கார்டு கிடைக்காமல், அன்றைய பம்ப் விலை 3.35-க்கு டீசல் ஊற்றினால் செலவு 5,628. கையில் நிற்பது 1,352. கெலிண்டானைவிட லோரி முதலாளிக்குக் குறைந்த வருமானம்! இரண்டுக்கும் இடையே உள்ள 2,016 ரிங்கிட், நிறுவனம் எடுக்கும் பங்கைவிடப் பெரியது. பம்ப் விலை பிறகு ஏறி இறங்கியிருக்கலாம். அந்த இடைவெளி யார் பைக்குப் போகிறது என்ற கேள்வி மாறவில்லை. பங்கை எட்டு விழுக்காடாகக் குறைத்துவிட்டு டீசல் சலுகையைத் தான் வைத்துக்கொள்ளும் நிறுவனம், தாராளமானது போலத் தோன்றும். தோற்றத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

மழையில் நான்கு நாள் வேலை நின்றால், கார்டு இருந்தும்கூட, மிஞ்சுவது ஆயிரத்துச் சொச்சம்தான். அந்த மாதமும் தவணை அதே 5,000. போதாத மாதத்தில்தான் அதிகச் சுமை ஏற்றும் ஆசை வருகிறது. ஒரு நடைக்கு இன்னும் இரண்டு டன் போட்டால் தவணை கட்டிவிடலாம் என்று தோன்றும். தேய்ந்த டயரை இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று தோன்றும். சாலையில் நடக்கும் மரணங்களின் வேர் பல நேரங்களில் இந்த மாதக் கடைசிக் கணக்கில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓட்டுநரின் மனக்கோளாறை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அது நிற்காது.

கெரான் யாரிடம்?

பணத்தைவிட ஆபத்தான விஷயம் கெரான், அதாவது லோரியின் உரிமைச் சான்றிதழ். 'ஏ' உரிமம் நிறுவனத்துக்குக் கொடுக்கப்படுவதால், அந்த உரிமத்தில் ஓடும் லோரியும் நிறுவனத்தின் பெயரில் பதிவாகிறது. முன்பணம் கொடுத்தவர் நீங்கள். ஐந்து, ஏழு ஆண்டு தவணை கட்டியவர் நீங்கள். கெரானில் இருப்பது நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனம் வேறொரு கடனில் மூழ்கினால், கடன்காரர்கள் பார்வையில் உங்கள் லோரி அதன் சொத்து. தவுக்கே இறந்து, பிள்ளைகள் பங்கு பிரிக்கும்போது, அப்பா வாய்வார்த்தையாகச் சொன்னதை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை.

நீதிமன்றம் போகலாமே என்று கேட்கலாம். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சட்டம் தடுக்கிற நோக்கத்துக்காகச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது. உரிமத்தைப் பாஜாக் விடுவதே தவறு என்னும்போது, அந்தப் பாஜாக்கைக் காட்டி நியாயம் கேட்பவர் வாசலிலேயே இடறுகிறார். அடகுக் கடையில் நகையை வைத்தவனுக்காவது கையில் ஒரு சீட்டு இருக்கும்.

இன்னும் உண்டு. உங்கள் பெயரில் லோரி இல்லாததால், அடுத்த லோரிக்குக் கடன் கேட்டுப் போகும்போது வங்கிக்குக் காட்ட ஒன்றுமில்லை. பத்து ஆண்டு ஒழுங்காக வேலை செய்த நல்ல பெயர் நிறுவனத்தின் கணக்கில் சேர்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்ட வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவற்றுக்கு அதிகாரிகள் நிறுவனத்தைக் கேட்பார்கள், செலவு உங்கள் வாடகையில் பிடிக்கப்படும். சம்மனும் அப்படியே.

விபத்து என்று வந்துவிட்டால் நிறுவனம் "ஓட்டியவர் எங்கள் ஊழியர் இல்லை" என்று சொல்லப் பார்க்கும், ஓட்டியவர் "லோரி நிறுவனத்துடையது" என்பார். பாதிக்கப்பட்ட குடும்பம் நடுவில் நிற்கும். பாஜாக்கின் மிகப்பெரிய தீங்கு இதுதான் என்று எனக்குப் படுகிறது. லோரியைப் பராமரிக்க வேண்டியவர் யார், ஓட்டுநர் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று பார்க்க வேண்டியவர் யார் என்பதற்குப் பதில் சொல்ல ஒருவர்கூட இல்லாமல் போகிறார்.

அமெரிக்காவில் எப்படி?

சொந்த லோரிக்காரர் நிறுவனத்தின் கீழ் ஓடுவது உலகமெங்கும் உண்டு. அமெரிக்காவில் அது முழுக்கச் சட்டபூர்வமானது. அங்கே குத்தகை எதிர்த்திசையில் போகிறது. இங்கே நிறுவனம் தன் உரிமத்தை லோரிக்காரருக்கு விடுகிறது. அங்கே லோரிக்காரர் தன் லோரியை நிறுவனத்துக்கு விடுகிறார். கேட்கச் சின்ன வித்தியாசம். விளைவு பெரிது. குத்தகைக் காலம் முழுவதும் லோரியின் கட்டுப்பாடும் பொறுப்பும் நிறுவனத்துடையவை என்று எழுத்தில் இருந்தாக வேண்டும். லோரியோ கடைசி வரை உரிமையாளர் பெயரிலேயே இருக்கும்.

1979-இல் அங்கே வந்த குத்தகை விதிகள் இன்னும் நுணுக்கமானவை. நடை முடிந்து காகிதங்களை ஒப்படைத்த 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எதற்கெல்லாம் பிடிப்போம் என்று முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். வாடகையில் விழுக்காடு என்று பேசியிருந்தால், சரக்குக்காரருக்குப் போட்ட பில்லின் நகலை லோரிக்காரருக்குக் காட்ட வேண்டும். பிடித்து வைத்த முன்பணத்துக்கு வட்டி உண்டு, குத்தகை முடிந்த 45 நாளுக்குள் அது திரும்ப வேண்டும். அங்கேயும் லோரிக்காரர்கள் ஏமாற்றப்படுகிறார்கள், வழக்குகள் நடக்கின்றன. வழக்குப் போட அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

தமிழ்நாட்டு நாமக்கல்லையும் நினைத்துப் பார்க்கலாம். கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, பைனான்ஸில் பழைய லோரி வாங்கி முதலாளியானவர்கள் நிறைந்த ஊர். ஒற்றை லோரிக்காரர் அங்கே டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வண்டியை இணைத்துச் சரக்குப் பிடிப்பார். கமிஷன் தகராறுகளுக்குக் குறைவில்லை. ஆனால் வண்டியின் ஆர்.சி. புத்தகமும் பெர்மிட்டும் அவர் பெயரிலேயே இருக்க முடியும். ஆபீஸ் பிடிக்கவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆபீஸுக்குப் போய்விடலாம். நம் லோரிக்காரருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

கையெழுத்துக்கு முன்

ஆகவே, ஒரு நிறுவனத்தின் கீழ் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவரிடம் நான் சொல்லக்கூடியது: உரிமத்தை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் போகாதீர்கள். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு லோரியை ஒருநாளும் திரும்பிப் பார்க்காத நிறுவனம் உங்களுக்கு நிழலும் தராது, வேலையும் தராது. இன்று அதன் உரிமம் முடக்கப்பட்டால் நாளைக் காலை உங்கள் லோரி நின்றுவிடும், தவணை நிற்காது.

உண்மையில் வேலை பிடித்துத் தருகிற, லோரியின் நிலையைச் சோதிக்கிற, ஓட்டுநருக்குச் சமூகப் பாதுகாப்புச் சந்தா (சொக்சோ) கட்டுகிற நிறுவனமாக இருந்தால், ஒரு வழக்கறிஞர் முன்னிலையில் உட்கார்ந்து இவற்றைக் கேளுங்கள்: லோரி யார் பெயரில் வரும், கடன் முடிந்ததும் எப்படிக் கைக்கு வரும், பிளீட் கார்டு விலை எனக்குக் கிடைக்குமா, சரக்குக்காரர் கொடுக்கும் முழு வாடகை எவ்வளவு, எத்தனை நாளில் பணம், அதிகச் சுமை ஏற்றச் சொன்னால் மறுக்க எனக்கு உரிமை உண்டா, மறுத்ததால் வேலை போகாது என்று எழுதித் தருவீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள், பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும். சொந்தமாக ஓட்டுபவர்கள் 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தாங்களே சொக்சோவில் பதிந்துகொள்ளலாம். அதற்கு எந்தத் தவுக்கேயின் அனுமதியும் தேவையில்லை.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு பேசவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் பால் எடுக்கப் போனவர்கள் மாதாமாதம் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில், மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தனித்தனியே ஓர் ஏக்கரும் வாங்க முடியாதவர்கள் சேர்ந்து ஒரு தோட்டத்தை வாங்கினார்கள். புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பகுதிகளில் ஒற்றை லோரி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவைப் பதிந்து, அதன் பெயரில் 'ஏ' உரிமம் கேட்டால் என்ன? ஒரு லோரி படுத்தால் இன்னொன்று போகும். தோட்ட நிர்வாகத்திடம் நேரே குத்தகை பேசலாம். டயரை மொத்தமாக வாங்கலாம். ஒரு மெக்கானிக்கைச் சம்பளத்துக்கு வைக்கலாம். கெரானில் இருக்கும் பெயர், லோரிக்காரர்கள் தாங்களே ஓட்டுப் போட்டு நடத்தும் சங்கத்தின் பெயராக இருக்கும். சுலபமான வேலை என்று சொல்ல மாட்டேன். கணக்கு வைக்க நேர்மையான ஆள் வேண்டும், ஒருவர் லோரிக்கு அதிக நடை போனது என்ற சண்டை வரத்தான் செய்யும். ஆனாலும் மாதம் 1,920 ரிங்கிட் பங்கும் 2,016 ரிங்கிட் டீசல் சலுகையும் நம்மிடமே நிற்கும் என்றால் அந்தச் சண்டையைப் போட்டுப் பார்க்கலாம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. பாஜாக்கைக் குற்றமாக்கும் முடிவை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் குற்றவாளி என்ற சொல் உரிமத்தை விற்றுத் தின்றவரையும், வேறு வழியில்லாமல் அதை வாங்கியவரையும் ஒரே தராசில் வைத்துவிடக் கூடாது. ஏற்கெனவே பிறர் பெயரில் ஓடும் லோரிகளுக்கு ஓர் அவகாசம் தர வேண்டும். தவணை கட்டிய வங்கிச் சீட்டைக் காட்டினால் லோரியை உண்மையான உரிமையாளர் பெயருக்கு மாற்றவும், அவருக்கு ஒற்றை லோரி உரிமம் கொடுக்கவும், பழைய குற்றத்துக்காக அவர்மேல் பாயாமல் இருக்கவும் ஒரு பிரிவு வேண்டும். அபாட் இதைத் தன் கிளைகளில் தமிழிலும் விளக்க வேண்டும். அதிகச் சுமைக்கு ஏற்றச் சொன்னவரும் பொறுப்பேற்க வேண்டும். வட சிலாங்கூரின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தப் பெயர்மாற்றப் பிரிவை எழுத்தில் கேட்டு அமைச்சுக்கு அனுப்பட்டும். தண்டனைப் பிரிவு நடைமுறைக்கு வரும் அதே நாளில் இதுவும் நடைமுறைக்கு வர வேண்டும்.